‘லைட்’ சொல்லின் பொருள்களையும் எதிர்ச்சொற்களையும் பிரித்து எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் கற்கும் பெரியவர்களோடு உட்கார்ந்து சொற்களைப் பிரித்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. எதிர்ச்சொல் என்று வந்தால் பெரும்பாலானோர் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். நோட்டின் நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ‘லைட்’, வலப்பக்கம் ‘டார்க்’, முடிந்தது என்று அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு மாணவியும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். ஒரு வாரம் கழித்து அவர் எழுதிய கட்டுரையில் ‘டார்க் ரெயின்’ என்று ஒரு வரி இருந்தது. பென்சிலால் சுழித்துக் காட்டினேன். “தூறலுக்கு லைட் ரெயின்னு படிச்சேன் மேடம். இது பலத்த மழையாச்சே, அதான் எதிர்ச்சொல்லைப் போட்டேன்” என்றார். அவர் யோசித்த விதம் சரிதான். நோட்டில் இருந்த அந்த ஒற்றை வரிதான் அவரைக் கவிழ்த்துவிட்டது.

பொருள் மாறினால் எதிர்ச்சொல் மாறும். பொருள் மாறாமல் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல் மட்டும் மாறினாலும் எதிர்ச்சொல் மாறிவிடும். ஆகவே ‘லைட்’ என்ற சொல்லுக்கு ஒரு முழுத்தாள் ஒதுக்கிப் பிரித்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் பிடிக்கும். வரிசை முக்கியம், ஒரு படியைத் தாண்டிப் போனால் அடுத்த படியில் அது கழுத்தைப் பிடிக்கும்.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

கற்பவர்களுக்கென்று எழுதப்பட்ட ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி ஒன்று. ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுத்திருக்க வேண்டும். அப்புறம், எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்று காட்டும் சொற்சேர்க்கை அகராதி. இவற்றில் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

ஆங்கிலம்–தமிழ் அகராதியை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ‘வெளிச்சம், விளக்கு, லேசான, வெளிறிய’ என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கிவிடும் அகராதிகள்தான் அதிகம். எது எங்கே வரும் என்று தெரியாமல் போனால் எதிர்ச்சொல் தேட வழியே இல்லை.

கோடு போடாத பெரிய தாள், படுக்கை வாட்டில். பேனா வேண்டாம், பென்சில் போதும். ஆறாவது படியில் நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

2. முதலில் சொற்றொடர்கள், பிறகுதான் அகராதி

அகராதியைத் திறக்கும் முன், நீங்கள் கேட்ட, படித்த இடங்களிலிருந்து ‘லைட்’ வரும் சொற்றொடர்களை எழுதுங்கள். இருபதாவது வேண்டும். தனிச் சொல்லாக எழுதக் கூடாது. பக்கத்துச் சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டும். லைட் பேக், லைட் புளூ, லைட் ரெயின், லைட் டிராஃபிக், லைட் மீல், லைட் ஸ்லீப்பர், லைட் ரீடிங், டிராஃபிக் லைட், சன்லைட், லைட் எ கேண்டில், டிராவல் லைட், இன் தி லைட் ஆஃப் என்று வந்தபடி எழுதுங்கள். வரிசை எதுவும் வேண்டாம்.

அகராதியைப் பிறகு திறக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் திறந்தால் அதில் உள்ள பகுப்பை அப்படியே நகல் எடுப்போம், மனசில் நிற்காது. நாமே குவியலாகக் கொட்டிவிட்டுப் பிறகு பிரித்தால், எந்தச் சொற்றொடர் எந்தக் குவியலில் சேரவில்லை என்று தெரியும். அந்தச் சேராத சொற்றொடரிலிருந்துதான் கற்றுக்கொள்ள நிறையக் கிடைக்கும்.

அகராதியைத் திறந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். பல அகராதிகளில் ‘லைட்’ இரண்டு தனிப் பதிவாக, மேலே சிறிய 1, 2 என்ற எண்களோடு இருக்கும். வெளிச்சம் என்ற ‘லைட்’டும் கனமில்லாத ‘லைட்’டும் பழைய ஆங்கிலத்தில் வேறு வேறு வேர்களிலிருந்து வந்து, உருவத்தில் ஒன்றாகிப்போன இரு சொற்கள். முதல் பதிவைப் படித்துவிட்டு அகராதியை மூடிவிடுபவர்கள் அதிகம். இரண்டையும் படியுங்கள்.

3. மூன்று கட்டங்கள்: பெயர், அடை, வினை

தாளை மூன்றாகப் பிரியுங்கள். பொருளாக நிற்கும் ‘லைட்’ பெயர்ச்சொல். டிராஃபிக் லைட், சன்லைட் இங்கே வரும். இன்னொன்றின் தன்மையைச் சொல்வது அடை. லைட் பேக், லைட் புளூ. செயலைச் சொல்வது வினை. லைட் எ கேண்டில்.

எதிர்ச்சொல் அதே இலக்கண வகையில்தான் இருக்க வேண்டும். பெயராக வரும் வெளிச்சத்துக்கு ‘டார்க்னெஸ்’ எதிர். அடையாக வரும் வெளிச்சமான அறைக்கு ‘டார்க்’ எதிர். இந்தப் பிரிவு இல்லாமல் போனவர்கள் ‘தி ரூம் வாஸ் டார்க்னெஸ்’ என்று எழுதியதைப் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

‘டிராவல் லைட்’ எந்தக் கட்டத்தில் சேரும்? குறைந்த சுமையோடு பயணம் போவது என்று பொருள். இங்கே ‘லைட்’ பயணம் செய்யும் விதத்தைச் சொல்வதால் வினையடை. அதற்காக நாலாவது கட்டம் போட வேண்டாம், அடைக்கட்டத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ‘டிராவல் லைட்லி’ என்று மாற்றாமல் இருந்தால் போதும்.

4. அடைக்கட்டத்தில் தமிழைக் கொண்டு குவியல் பிரிப்பது

இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். ஒவ்வொரு சொற்றொடருக்கும் பக்கத்தில் தமிழில் ஒரு சொல் எழுதுங்கள். பைக்குக் ‘கனமில்லாத’. நீலத்துக்கு ‘வெளிர்’. அறைக்கு ‘வெளிச்சமான’. மழைக்கு ‘லேசான’. தண்டனைக்கு ‘கடுமையில்லாத’. படிப்பதற்கு ‘மண்டையைக் குடையாத’. தமிழ்ச் சொல் மாறும் இடத்தில் கோடு போடுங்கள். பொருளும் பெரும்பாலும் அங்கேதான் மாறும்.

ஒரு எச்சரிக்கை. தமிழில் ‘லேசு’ என்றால் சுலபம் என்றும் பொருள். ‘அது லேசுப்பட்ட காரியமில்லை’ என்கிறோம். அந்தப் பொருளை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சுலபமான கேள்வியை ‘லைட் கொஸ்டின்’ என்று எழுதக் கூடாது, ‘ஈஸி கொஸ்டின்’. ‘லைட் வொர்க்’ என்றால் உடலை வருத்தாத வேலை. அறிவுக்கு எளிதா கடினமா என்பதை அது சொல்லாது.

இன்னொரு இடம், ‘லைட் ஜாக்கெட்’. இதைத் தனியாகப் பார்த்தால் என்ன பொருள் என்று யாராலும் சொல்ல முடியாது. நிறமா, கனமா? ‘இட் வாஸ் வார்ம், ஸோ ஐ டுக் எ லைட் ஜாக்கெட்’ என்று வந்தால் மெல்லிய ஜாக்கெட், எதிர்ச்சொல் ‘ஹெவி’ அல்லது ‘திக்’. ‘தி ஸ்டெயின் ஷோஸ் ஆன் எ லைட் ஜாக்கெட்’ என்று வந்தால் வெளிர் நிறம், எதிர்ச்சொல் ‘டார்க்’. ஆகவே இப்படிப்பட்ட சொற்றொடரை வாக்கியத்தோடுதான் தாளில் எழுத வேண்டும். குழப்பம் வரும் என்று தோன்றினால் நீங்கள் எழுதும்போது ‘லைட்-கலர்ட்’ என்றே எழுதிவிடுங்கள், தகராறே இல்லை.

5. பக்கத்துச் சொல்லைப் பிடித்து எதிர்ச்சொல் தேடுவது

பாதி நேரத்தை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள். முறை இதுதான்: ‘லைட்’டை மூடிவிட்டு, பக்கத்துப் பெயர்ச்சொல்லைச் சொற்சேர்க்கை அகராதியில் தேடுங்கள். அந்தப் பெயர்ச்சொல்லின் மறுகோடியில் என்ன அடை நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய எதிர்ச்சொல்.

நிறமும் அறையும் சுலபம். லைட் புளூவுக்கு டார்க் புளூ, லைட் ரூமுக்கு டார்க் ரூம். இதில் நேரம் போக்க வேண்டாம்.

கனத்தின் குடும்பம் பெரியது. பை, பெட்டி, தொழிற்சாலை, வாகனம், போக்குவரத்து நெரிசல், மழை, சாப்பாடு, மண் எல்லாவற்றுக்கும் ‘ஹெவி’தான். மணல் கலந்து எளிதில் உழக்கூடிய மண் லைட் சாயில், களிமண் ஹெவி சாயில். பழக்கங்களும் இந்தக் குடும்பமே. குறைவாகப் புகைப்பவர் லைட் ஸ்மோக்கர், நிறையப் புகைப்பவர் ஹெவி ஸ்மோக்கர். இவர்கள் உடல் எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவேன், ஏனென்றால் குண்டானவர் என்று மொழிபெயர்த்தவர்கள் உண்டு.

இந்தக் குடும்பத்தில் ‘ஹெவி’ இத்தனை தடவை சரியாக வருவதால், கை தானாக எல்லா இடத்திலும் அதையே எழுதும். காற்று வந்ததும் மாட்டிக்கொள்வோம். லைட் விண்டுக்கு எதிர் ‘ஸ்ட்ராங் விண்ட்’. மழை ஹெவி, காற்று ஸ்ட்ராங். இரண்டும் ஒரே வானிலைச் செய்தியில் அடுத்தடுத்து வரும், ஆனாலும் அடை வேறு. காரணம் தேடாமல் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

தூக்கத்தில் இன்னும் நுணுக்கம். ‘லைட் ஸ்லீப்’ என்பதற்கு எதிர் ‘டீப் ஸ்லீப்’. ஆனால் தூங்கும் ஆளைச் சொன்னால் லைட் ஸ்லீப்பருக்கு எதிர் ‘ஹெவி ஸ்லீப்பர்’. தூக்கம் ஆழமாகிறது, தூங்குபவர் கனமாகிறார். நான் பார்த்தவரை முதல் முயற்சியில் இந்த இரண்டையும் சரியாக எழுதியவர்கள் மிகக் குறைவு. தாளில் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

தண்டனைக்கு ஹெவி, ஹார்ஷ், சிவியர் என்று மூன்றும் பொருந்தும். உடற்பயிற்சிக்கு ‘ஸ்ட்ரெனுவஸ்’ அல்லது ‘விகரஸ்’. படிப்பதற்கு ‘சீரியஸ்’ அல்லது ‘ஹெவி’. ‘லைட் மூட்’ என்றால் கலகலப்பான சூழல், அதற்கும் எதிர் ‘சீரியஸ்’.

‘லைட் காஃபி’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் டிகாஷன் குறைந்த காபியை. பொது ஆங்கிலத்தில் அது ‘வீக் காஃபி’, எதிர் ‘ஸ்ட்ராங்’. நியூயார்க் பக்கம் போய் ‘லைட்’ என்று கேட்டால் நிறையப் பால் ஊற்றிக் கொடுப்பார்கள், அங்கே அதற்கு எதிர் ‘பிளாக்’. ஒரே சொல், ஒரே பானம், ஆனாலும் ஊர் மாறியதும் எதிர்ச்சொல் மாறுகிறது. உங்கள் தாளில் இந்த வரிக்குப் பக்கத்தில் ‘அமெரிக்கா’ என்று குறித்துக்கொள்ளுங்கள்.

துறைச்சொற்கள் இருந்தால் ஒரு மூலையில் ஒதுக்குங்கள். அணு உலை பற்றிய பேச்சில் ‘லைட் வாட்டர்’ என்றால் சாதாரணத் தண்ணீர்தான். டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கொண்ட ‘ஹெவி வாட்டர்’ அதற்கு எதிர். துறைக்கு வெளியே யாரும் தண்ணீரை அப்படிச் சொல்வதில்லை.

6. திரும்பிப் போய்ச் சரிபார்ப்பது

இப்போது வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் படியுங்கள். ஒவ்வொரு எதிர்ச்சொல்லையும் எடுத்து, ‘இதற்கு எப்போதும் லைட்தான் எதிரா?’ என்று கேளுங்கள்.

டீப் ஸ்லீப்புக்கு எதிர் லைட் ஸ்லீப். டீப் வாட்டருக்கு? ‘ஷாலோ வாட்டர்’. ஸ்ட்ராங் விண்டுக்கு லைட், ஆனால் ஸ்ட்ராங் ஆளுக்கு ‘வீக்’. சீரியஸ் ரீடிங்குக்கு லைட், சீரியஸ் காயத்துக்கு ‘மைனர்’. இப்படித் திரும்பி வரும்போது வேறு ஊர்ப் பாதையில் போய்விடும் சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போடுங்கள். ஒருவழிப் பாதை என்று அர்த்தம்.

இந்தப் படியை விட்டவர்கள் ‘லைட் ரிவர்’ என்று எழுதுவார்கள். டீப்புக்கு எதிர் லைட் என்று ஒரு இடத்தில் படித்ததை ஆற்றில் இறக்கிவிடுவதால் வரும் வினை.

குத்துச்சண்டையில் ‘லைட் ஹெவிவெயிட்’ என்று ஒரு எடைப் பிரிவு உண்டு. தொழில்முறைப் போட்டியில் அதன் உச்ச எடை 175 பவுண்டு. இரண்டு எதிர்ச்சொல் எப்படி ஒட்டி நிற்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். ‘ஹெவிவெயிட்’ என்பது ஒரு பிரிவின் பெயராகிவிட்டது. ‘லைட்’ அந்தப் பெயருக்கு ஒரு படி கீழே என்று மட்டும் சொல்கிறது. எதிர்ச்சொற்களும் ஒரே அளவுகோலில் நின்றால்தான் மோதும்.

7. பெயர்க்கட்டமும் எதிர்ச்சொல் இல்லாத இடங்களும்

வெளிச்சம் என்ற பொருளில் ‘லைட்’டுக்கு எதிர் ‘டார்க்னெஸ்’. ஓவியம், புகைப்படம் பற்றிப் பேசும்போது ‘ஷேட்’ அல்லது ‘ஷேடோ’. ஒருவரை நல்லவிதமாகக் காட்டுவது ‘இன் எ குட் லைட்’. அதற்கு எதிர் ‘இன் எ பேட் லைட்’. இங்கே ‘லைட்’ அப்படியே நிற்கும், முன்னால் உள்ள அடைதான் மாறும்.

விளக்கு என்ற பொருளில் ‘லைட்’டுக்கு எதிர்ச்சொல்லே கிடையாது. மேசைக்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்பது மாதிரிதான். இருந்தும் கட்டம் காலியாக இருப்பது உறுத்துவதால் ‘டார்க்னெஸ்’ என்று நிரப்பிவிடுகிறார்கள். நிரப்பாதீர்கள், ஒரு சிறுகோடு போட்டுவிடுங்கள். ‘லைட் இயர்’ என்பதற்கும் அதே கோடுதான். அது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம், சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ‘இயர்’ இருப்பதால் காலம் என்று நினைத்து ‘பல லைட் இயர் காத்திருந்தேன்’ என்று எழுதுவது பிழை.

8. வினையும் அதன் கிளைகளும்

வினைக்கு எதிர், செய்ததைத் திருப்பிச் செய்யும் வினை. மெழுகுவர்த்தியை ஏற்றுவது ‘லைட்’, அணைப்பது ‘ப்ளோ அவுட்’ அல்லது ‘புட் அவுட்’. தீயை அணைப்பது ‘புட் அவுட்’ அல்லது ‘எக்ஸ்டிங்விஷ்’. மின்விளக்கை அணைப்பதற்கு ‘புட் அவுட்’ என்றும் சொல்வதுண்டு, ஆனால் ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று எழுதிப் பழகுங்கள். ‘குளோஸ் தி லைட்’ வேண்டவே வேண்டாம்.

இறந்தகாலம் ‘லிட்’. ‘லைட்டட்’ என்பதும் சரியே, பெயருக்கு முன்னால் அடையாக வரும்போது அது இயல்பாக இருக்கும்: ‘எ லைட்டட் கேண்டில்’. அதற்கு எதிர் ‘அன்லிட்’.

‘லைட்டன்’ என்ற வினை இரண்டு பதிவுகளையும் சுமக்கிறது. நிறத்தை வெளிறச் செய்வது என்றால் எதிர் ‘டார்க்கன்’. சுமையைக் குறைப்பது என்றால் ‘இன்கிரீஸ்’ அல்லது ‘ஆட் டு’. மின்னல் என்பதற்கான ‘லைட்னிங்’ எழுதும்போது ‘ட்’ ஒலிக்கும் ‘ன்’ ஒலிக்கும் நடுவே ‘ஈ’ எழுத்து வராது. வந்தால் ‘லைட்டன்’ செய்வது என்று ஆகிவிடும். எழுத்துத் திருத்தும் மென்பொருள் இதைப் பெரும்பாலும் பிடிக்காது, இரண்டுமே சரியான சொற்கள் அல்லவா.

9. மரபுத்தொடர்களைத் தனியே ஒதுக்குவது

இவற்றில் ‘லைட்’டை மட்டும் பிடுங்கி எதிர்ச்சொல் தேடினால் தொடர் உடைந்துவிடும். ‘மேக் லைட் ஆஃப்’ என்றால் ஒன்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விடுவது. எதிர் ‘டேக் சீரியஸ்லி’. ‘மேக் ஹெவி ஆஃப்’ என்று எதுவும் இல்லை. ‘பிரிங் டு லைட்’ என்றால் அம்பலமாக்குவது. எதிர் ‘கவர் அப்’. ‘லைட்-ஹெடட்’ என்றால் தலை கிறுகிறுப்பு, அதற்கு எதிராக ‘ஹெவி-ஹெடட்’ என்று எழுதக் கூடாது. ‘லைட்-ஃபிங்கர்ட்’ மென்மையான விரல் உள்ளவர் இல்லை, கைநீளம் உள்ளவர். தாளின் அடியில் ஒரு பெட்டி போட்டு முழுத்தொடராக எழுதுங்கள்.

10. ‘லைட்டா’ என்ற பழக்கத்தைக் களைவது

இதை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், மேலே உள்ள தாள் தயாரானபின்தான் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியும். பேச்சுத் தமிழில் ‘லைட்டா’ என்பது நம் சொல்லாகவே ஆகிவிட்டது. லைட்டா காய்ச்சல், லைட்டா தலைவலி, லைட்டா சந்தேகம், லைட்டா கோபம். தமிழில் பேசும்போது அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது, அது ஏற்கெனவே ஆங்கிலச் சொல்தானே என்ற நம்பிக்கையில் கை சரளமாக எழுதிவிடுகிறது.

விடுப்புக் கடிதம் ஒன்றில் ‘ஐ ஹேவ் லைட் ஃபீவர்’ என்று பார்த்திருக்கிறேன். ‘ஸ்லைட் ஃபீவர்’ அல்லது ‘மைல்ட் ஃபீவர்’ என்று இருக்க வேண்டும். எதிர் ‘ஹை ஃபீவர்’. ‘ஹெவி ஃபீவர்’ என்று எழுதுவது இதற்கு ஜோடிப் பிழை. தலைவலிக்கு ‘ஸ்லைட்’, எதிர் ‘பேட்’ அல்லது ‘சிவியர்’. வலிக்கு ‘மைல்ட்’, எதிர் ‘சிவியர்’. சந்தேகத்துக்கு ‘ஸ்லைட்’, எதிர் ‘சீரியஸ்’ அல்லது ‘கிரேவ்’.

நோய், வலி, உணர்ச்சி, எண்ணம் இவற்றைச் சொல்ல வரும்போது ‘லைட்’ எழுதினால் நிறுத்தி, ‘ஸ்லைட்’ அல்லது ‘மைல்ட்’ வைத்துப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது இடத்தில் அதுதான் பொருந்தும்.

11. ஒரு வாரம் கழித்து

தாளை ஏழு நாள் தொடாதீர்கள். பிறகு வலப்பக்கத்தை வேறொரு தாளால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொற்றொடரையும் எதிர்ச்சொல்லோடு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். ‘இட் வாஸ் எ லைட் ரெயின் அட் ஃபர்ஸ்ட், தென் இட் பிகேம் ஹெவி’ என்பது போல ஒரே வாக்கியத்தில் இரண்டும் வர வேண்டும். தனிச்சொல்லாகச் சொன்னால் பழைய ஒற்றை வரிப் பழக்கம் திரும்பிவிடும்.

தவறிய வரிகளை மட்டும் புதிய தாளில் எடுத்து எழுதுங்கள். காற்று, தூக்கம், காய்ச்சல் இந்த மூன்றும் பெரும்பாலும் அதில் இருக்கும். அந்த மூன்றும் தடங்கலில்லாமல் வந்த நாளில் ‘ஹார்ட்’ என்ற சொல்லுக்கு அடுத்த தாளை எடுக்கலாம். அதற்கு முதல் இரண்டு வரிகள் ‘சாஃப்ட்’, ‘ஈஸி’.